ஸ்பெக்ட்ரம்: பழைய பெட்டியா, எமுலேட்டரா, புதுப் பெட்டியா?

1982இல் பிரிட்டனில் சின்க்ளேர் விற்ற இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் என்ற வீட்டுக் கணினியில் இன்று கைவைக்க மூன்று வழி இருக்கிறது: பழைய அசல் பெட்டி, இன்றைய கணினியில் ஓடி அதைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருளான ஃபியூஸ் எமுலேட்டர், 2024 நவம்பரில் ரெட்ரோ கேம்ஸ் நிறுவனம் இறக்கிய 'தி ஸ்பெக்ட்ரம்'. நான் வாங்கியது மூன்றாவதை.

அசலை முதலிலேயே ஒதுக்கினேன். அதன் முதல் 16 கிலோபைட் நினைவகச் சில்லுகளுக்கு மூன்று வகை மின்னழுத்தம் தேவை. அதில் ஒன்று பிசகினாலும் சில்லுகள் போய்விடும். விசைகளுக்கு அடியில் அழுத்தத்தை உணரும் மெல்லிய படலமான மெம்பிரேனும் காலப்போக்கில் காய்ந்து விரிசல் விடும். சாலிடரிங் தெரிந்தவர்களுக்குச் சரி.

ஃபியூஸ் இலவசம். ஸ்பெக்ட்ரமின் அடிப்படை மென்பொருள் அடங்கிய ரோமை (ROM) எமுலேட்டரோடு சேர்த்துக் கொடுக்க அன்றைய உரிமைதாரரான ஆம்ஸ்ட்ராட் நிறுவனம் 1999இலேயே அனுமதித்துவிட்டதால், அது திருட்டுச் சரக்கும் இல்லை. புதுப் பெட்டிக்குள் ஓடுவதும் எமுலேட்டர்தான். பிறகு எதற்கு 89.99 பவுண்டு?

விசைப்பலகைக்கு. ஸ்பெக்ட்ரமின் நிரல்மொழியான பேசிக்கில் கட்டளைகளை எழுத்து எழுத்தாகத் தட்டுவதில்லை. 'பி'யை அழுத்தினால் 'பிரிண்ட்' முழுதாக வந்து விழும். வட்டம் வரைய வேண்டுமா? கேப்ஸ் ஷிஃப்ட், சிம்பல் ஷிஃப்ட் இரண்டையும் சேர்த்து அழுத்த வேண்டும், கர்சர் 'ஈ' (E) என்ற எழுத்தாக மாறும், அப்புறம் சிம்பல் ஷிஃப்டோடு 'எச்'. புதுப் பெட்டியில் 'எச்' விசைக்குக் கீழே 'சர்க்கிள்' என்று சிவப்பில் அச்சாகியிருக்கிறது, கண் போன இடத்துக்கு விரல் போய்விடுகிறது. மடிக்கணினியில் 'எச்' வெறும் 'எச்'தான். ஃபியூஸில் விசைப்பலகைப் படத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஒவ்வொரு வரிக்கும் அதைப் பார்த்துப் பார்த்துத் தட்டினால் நிரல் எழுதும் ஆசையே விட்டுப்போகும்.

விளையாட மட்டும்தான் என்றால் இந்த வாதம் எடுபடாது, ஃபியூஸே போதும். ரப்பர் விசைகள் எத்தனை ஆண்டு தாங்கும் என்பதற்கும் என்னிடம் பதில் இல்லை, வாங்கி ரொம்ப நாள் ஆகவில்லை. பெட்டியோடு பவர் அடாப்டரும் ஜாய்ஸ்டிக்கும் வராது. பழைய காசெட்டைச் செருகவும் வழியில்லை, டேப் கோப்பாக மாற்றிப் பென் டிரைவில்தான் போட வேண்டும்.

இன்னொன்று. இந்தியாவில் 80களில் டெசிபெல்ஸ் நிறுவனம் உரிமம் பெற்று விற்றது அடுத்த மாதிரியான ஸ்பெக்ட்ரம்+. அதன் விசைகள் கெட்டியான பிளாஸ்டிக். உங்கள் விரல் தேடுவது அதைத்தான் என்றால், இந்த ரப்பர் உங்களுக்கு அந்நியமாகவே இருக்கும்.