மாம்பழத் தேங்கா உருண்டைக்கு இந்த டெசிகேட்டட் கோகனட் சூப்பர்

ஓவனும் வேணாம் பாகு பதமும் வேணாம்னு ஸ்வீட் பண்றவங்களுக்கு இந்த பாக்கெட் நல்லா கைகொடுக்குது. துருவல் நைசா, வெள்ளையா இருக்கு, சிக்கு வாடை துளிகூட இல்ல. காஞ்ச துருவல்ங்கறதால மாம்பழக் கூழை அப்டியே இழுத்துக்கும். ரெண்டு கப் துருவலுக்கு முக்கால் கப் பங்கனபள்ளி கூழ், கால் கப் கண்டென்ஸ்டு மில்க், கொஞ்சம் ஏலக்காய் அவ்ளோதான், கலந்ததும் சொதசொதன்னு தான் இருக்கும், பயந்துபோய் இன்னும் துருவல கொட்டிடாதீங்க, பத்து நிமிஷம் விட்டா தானா இறுகிடும், துருவல் கூடிட்டா உருண்டை வறண்டு விரிசல் விட்டுடும். உருட்டி ஃப்ரிட்ஜ்ல வச்சிடுங்க.

அன்னாசில பண்றதா இருந்தா பச்சையா போடாதீங்கப்பா, அதுல இருக்கற புரோமலைன்ங்கற என்சைம் பால் புரதத்த உடைச்சு கசக்க வச்சிடும், கூழை கொதிக்கவிட்டு ஆறவச்சு சேருங்க.

குறைன்னா பாக்கெட்ல ஜிப் இல்ல, பிரிச்சதும் டப்பாக்கு மாத்தணும். விலையும் கொஞ்சம் ஜாஸ்தி தான் (தேங்கா விக்கிற விலைக்கு என்ன சொல்றது!). 4 ஸ்டார் குடுக்கறேன். ஆனா சட்னிக்கு ஆகும்னு நெனச்சு வாங்கிடாதீங்க, சக்கையா தான் இருக்கும்.