மயில் கழுத்து நிறத்துக்கு எந்த கலர் ஸ்பேஸ்? நான்கு ஆர்ஜிபி வெளிகள், ஓர் ஒப்பீடு

கேமரா மெனுவில் கலர் ஸ்பேஸ் என்று ஒரு வரி இருக்கும். ஒரு ஃபைல் எந்த நிறங்கள் வரை குறிக்கலாம் என்ற எல்லைதான் கலர் ஸ்பேஸ்; சுருக்கமாக வெளி. உள்ளே போனால் பெரும்பாலும் இரண்டே தேர்வுகள்: எஸ்ஆர்ஜிபி, அடோபி ஆர்ஜிபி. பெரியதுதானே நல்லது என்று அடோபிக்கு மாற்றிவிட்டு, லேபிலிருந்து வெளுத்த பிரிண்ட் வந்ததும் பேப்பரையும் மிஷினையும் குறை சொல்கிறவர்கள் நிறைய. பல நேரம் தவறு அந்த இரண்டிலும் இருக்காது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். சென்சார் பதிவை அப்படியே வைக்கும் ரா ஃபைலில் எடுப்பவர்களின் மூலத் தரவை இந்த மெனு தொடுவதே இல்லை. கேமரா காட்டும் ஜேபெக் முன்னோட்டமும் அதன் ஹிஸ்டோகிராமும் மட்டுமே மாறும். ஜேபெக்கில் எடுப்பவர்களுக்குத்தான் இது அங்கேயே முடிவாகிவிடும் விஷயம். நிக்கான், கேனான், சோனி கேமராக்களில் ஃபைல் பெயர் அடிக்கோட்டில் தொடங்கினால், அது அடோபி ஆர்ஜிபியில் எடுத்தது என்று அடையாளம்.

எஸ்ஆர்ஜிபியை எச்பியும் மைக்ரோசாஃப்டும் 1996-ல் முன்வைத்தன. 1999-ல் அது சர்வதேசத் தரமானது. அக்காலத்து சிஆர்டி திரைகளை ஒட்டி வரையப்பட்டது. கண் காணும் நிறங்களில் சுமார் 35 சதவீதம் இதற்குள் வரும். 1998-ல் வந்த அடோபி ஆர்ஜிபியில் சுமார் 50 சதவீதம். கேட்கப் பெரிய வித்தியாசமாகத் தோன்றும். ஆனால் வரைபடத்தில் ஒவ்வொரு வெளியும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று முனைகள் கொண்ட முக்கோணம்; அதில் சிவப்பு முனையும் நீல முனையும் இரண்டிலும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. பச்சை முனை மட்டும் தள்ளிப் போகிறது. ஆகவே கூடுதலாகக் கிடைப்பது முக்கியமாகப் பச்சையிலும், பச்சையும் நீலமும் சேரும் பக்கத்திலும்தான்.

பட்டுப்புடவையில் இதை நேரடியாகப் பார்க்கலாம். மயில் கழுத்து நிறப் பட்டு வெயிலில் பளிச்சென்று இருக்கும் படத்தை எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றி, ஃபோட்டோஷாப்பின் சேனல்ஸ் பேனலில் சிவப்புச் சேனலை மட்டும் திறந்து பாருங்கள். புடவை இருந்த இடம் மடிப்பே தெரியாத கருப்புத் திட்டாக இருந்தால், அங்கே மதிப்புகள் பூஜ்யத்தில் முட்டிவிட்டன என்று பொருள். அதே படத்தை ராவிலிருந்து அடோபி ஆர்ஜிபியில் எடுத்தால் அந்தச் சேனலில் மடிப்பின் கோடுகள் திரும்ப வரும். குங்குமச் சிவப்பு, அரக்குப் பட்டுக்கு இந்த உதவி அவ்வளவாகக் கிடைக்காது. அங்கே எக்ஸ்போஷரைக் குறைத்து, நிறம் வாரியாகத் திருத்தும் எச்எஸ்எல்லில் சிவப்பின் சாச்சுரேஷனை (நிறச் செறிவை) மட்டும் கொஞ்சம் இறக்குவதுதான் வழி. மொத்தப் படத்தின் சாச்சுரேஷனையும் இறக்கினால் முகங்கள் செத்துப்போகும்.

இனி, வெளுப்பதற்கான காரணம். சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் எழுதினால், எஸ்ஆர்ஜிபியின் முழுச் சிவப்பு 255, 0, 0. அதே சிவப்பை அடோபி ஆர்ஜிபியில் எழுதினால் 219, 0, 0. இந்த எண்கள் எந்த வெளியைச் சேர்ந்தவை என்று சொல்லும் குறிப்புதான் ஃபைலோடு வரும் ப்ரொஃபைல். அதைப் படிக்காத மென்பொருள் அந்த 219-ஐ எஸ்ஆர்ஜிபி எண்ணாகவே எடுத்துக்கொள்ளும். சிவப்பு மங்கிவிடும், சருமம் சாம்பல் தட்டும். ஃபோட்டோஷாப்பில் கன்வெர்ட் டு ப்ரொஃபைல் எண்களை மாற்றி நிறத்தைக் காப்பாற்றும். அசைன் ப்ரொஃபைல் எண்களை அப்படியே விட்டு நிறத்தை மாற்றிவிடும். லேபுக்குக் கொடுக்கும் முன் செய்ய வேண்டியது முதலாவது. இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் இந்தத் துறையில் அதிகம் நடக்கும் தவறு.

ஆப்பிள் 2015-ல் ஐமேக்கோடு கொண்டுவந்த டிஸ்ப்ளே பி3-யின் சிவப்பு அடோபியைவிட அகலம், பச்சை சற்றுக் குறைவு. ஐபோன் 7 முதல் ஐபோன் படங்கள் இதில்தான் வருகின்றன. திரைக்கு அருமையான வெளி. அதற்காக வாட்ஸப்பில் வந்த ஐபோன் படத்தை அப்படியே ஆல்பத்தில் செருக வேண்டாம். எந்த ப்ரொஃபைல் இருக்கிறது என்று பார்த்து மாற்றிவிட்டுச் செருகுங்கள்.

கோடாக் உருவாக்கிய ப்ரோஃபோட்டோ மிகப் பெரியது. அதன் பச்சை, நீல முனைகள் கண்ணுக்கே தெரியாத இடத்தில் இருக்கின்றன. 8 பிட்டில் ஒரு சேனலுக்கு 256 படிகள்தான்; அவ்வளவு பெரிய வெளியில் அவற்றைப் பரப்பினால் மாலை வானம் பட்டை பட்டையாக உடையும். 16 பிட் டிஃப் அல்லது பிஎஸ்டியில் திருத்த வேலைக்கு மட்டும் வையுங்கள். இதில் ஜேபெக் எடுத்து யாருக்கும் அனுப்பக் கூடாது.

பிரிண்ட் பக்கம் வந்தால், மினிலேப் கேட்பது பெரும்பாலும் எஸ்ஆர்ஜிபிதான். அடோபியின் பலன் தெரிவது பிக்மென்ட் இங்க்ஜெட்டில், பளபளப்பான நல்ல தாளில், அந்தத் தாளுக்கே உரிய ஐசிசி ப்ரொஃபைல் இருக்கும்போது. ஆஃப்செட்டின் சுத்தமான சயான் மையும் எஸ்ஆர்ஜிபிக்கு வெளியே விழுவதால், அச்சகம் தன் நான்கு மைகளுக்கான சிஎம்ஒய்கே ப்ரொஃபைலைக் கொடுத்தால் அகலமான வெளியிலிருந்து நேராக அதற்கு மாற்றுவது நல்லது. புது வெளிக்குள் அடங்காத நிறங்களை என்ன செய்வது என்ற தேர்வுதான் ரெண்டரிங் இன்டென்ட். பெர்செப்சுவல் எல்லா நிறங்களையும் சேர்த்துச் சுருக்கும்; ரிலேட்டிவ் வெளியே விழுவதை மட்டும் எல்லைக்கு இழுக்கும். இதைப் பற்றி ஒரு தகவல்: வழக்கமான எஸ்ஆர்ஜிபி ப்ரொஃபைலில் பெர்செப்சுவலுக்கான அட்டவணையே கிடையாது. அடோபியிலிருந்து எஸ்ஆர்ஜிபிக்குப் போகும்போது அதைத் தேர்ந்தெடுத்தாலும் ரிலேட்டிவ் போலத்தான் நடக்கும். பிரிண்டர் ப்ரொஃபைலுக்குப் போகும்போதுதான் இரண்டையும், பிரிண்ட் எப்படி வரும் என்று திரையில் காட்டும் சாஃப்ட் ப்ரூஃபில் மாற்றி மாற்றிப் பார்ப்பதில் அர்த்தம் உண்டு.

அந்த ப்ரூஃபையும் எஸ்ஆர்ஜிபி மானிட்டரில் நம்ப முடியாது; அடோபியில் கூடுதலாக இருக்கும் பச்சை அதில் தெரியவே தெரியாது. அடோபி ஆர்ஜிபியை ஏறக்குறைய முழுதும் காட்டும், நிறத்தை அளந்து கேலிப்ரேட் செய்த திரை வேண்டும். வெளிச்சம் 80 முதல் 120 நிட்ஸுக்குள் (திரை வெளிச்சத்தின் அலகு) இருக்கட்டும். அதற்கு மேல் வைத்தால் பிரிண்ட் இருட்டாக வந்தது போலத் தோன்றும்.

ஆக எங்கள் தேர்வு: ராவில் எடுங்கள், ப்ரோஃபோட்டோ 16 பிட்டில் திருத்துங்கள், வெளியே கொடுப்பதை எஸ்ஆர்ஜிபியில் கொடுங்கள். சொந்த இங்க்ஜெட்டோ ப்ரொஃபைல் தரும் அச்சகமோ இருந்தால் மட்டும் அடோபி. ஜேபெக்கில் மட்டுமே எடுப்பவர்கள் கேமராவை எஸ்ஆர்ஜிபியிலேயே விட்டுவிடலாம்.

புது லேபில் பெரிய ஆர்டர் கொடுக்கும் முன் இரண்டு 4×6 பிரிண்ட் போட்டுப் பாருங்கள். சிவப்புப் புடவையும் முகமும் உள்ள ஒரே படம். ஒன்று எஸ்ஆர்ஜிபியில், மற்றது அதிலிருந்து அடோபிக்கு கன்வெர்ட் செய்து ப்ரொஃபைலோடு சேமித்தது. இரண்டும் ஒன்றுபோல வந்தால் லேப் ப்ரொஃபைலைப் படிக்கிறது. இரண்டாவது மங்கினால் அங்கே எஸ்ஆர்ஜிபி தவிர வேறெதையும் கொடுக்காதீர்கள்.