கவுன்சில் தரும் சிறு மானியம்: மூன்று தரம் விண்ணப்பித்த அனுபவம்

லண்டனின் வெளிப்புறத்தில் உள்ள ஒரு கவுன்சிலிடம், அதாவது உள்ளூராட்சிச் சபையிடம், எங்கள் முதியோர் கூடலுக்காக மூன்று தரம் மானியம் கேட்டிருக்கிறோம். முதல்தரம் கேட்டதில் பெரும்பகுதி கிடைத்தது. இரண்டாம் தரம் இல்லையென்று விட்டார்கள். மூன்றாம் தரம் கேட்டது முழுவதும் வந்தது. பொருளாளராக இருப்பதால் மூன்று படிவத்தையும் நிரப்பியது நான்தான். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி நடத்துபவர்கள், விளையாட்டுக் கழகத்துப் பொடியன்கள், ஊர்ச்சங்கத்து அண்ணாமார் என்று பலர் "அக்கா, அந்தக் காசு எடுக்கலாமா, பெரிய கரைச்சலா?" என்று கேட்டபடி இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இது. கவுன்சிலின் பெயரைப் போடவில்லை. அங்கே வேலை செய்பவர்கள் மூன்று நான்கு பேர், அவர்களைச் சங்கடப்படுத்த எனக்கு விருப்பமில்லை.

எங்கள் கூடல் புதன்கிழமை பதினொன்றிலிருந்து இரண்டு மணி வரை, ஒரு தேவாலயத்தின் பக்க மண்டபத்தில் நடக்கும். இருபத்தைந்து முப்பது பேர் வருவார்கள். பெரும்பாலானோர் அறுபது வயதுக்குப் பிறகு பிள்ளைகளோடு இருக்க இங்கே வந்தவர்கள். காலை எட்டு மணிக்கு மகனும் மருமகளும் வேலைக்கும் பேரப்பிள்ளைகள் பள்ளிக்கும் போய்விட்டால் பின்னேரம் வரை அந்த வீட்டில் பேச ஆளில்லை. அப்படியானவர்களுக்குக் கதைக்க ஒரு இடம், ஒரு தேத்தண்ணி, கதிரையில் இருந்தபடியே செய்யும் உடற்பயிற்சி. அவ்வளவுதான் நாங்கள் செய்வது.

படிவத்தைத் திறக்கும் முன்பே வேலை தொடங்கிவிடும். யாப்பு வேண்டும், அதாவது இந்தக் குழு எதற்காக, யார் உறுப்பினர், கலைத்தால் மிச்சக் காசு எங்கே போகும் என்று எழுதிக் கையெழுத்திட்ட தாள். குழுவின் பெயரிலேயே வங்கிக் கணக்கு வேண்டும், காசு எடுக்க உறவுக்காரர் அல்லாத இரண்டு பேர் கையெழுத்திட வேண்டும். இந்த இடத்தில்தான் எங்கள் சங்கங்கள் பல தடுக்கி விழுகின்றன. எங்களிலும் தலைவரும் பழைய பொருளாளரும் கணவன் மனைவி. இருவரும் கைக்காசைப் போட்டுப் பத்து வருடம் ஓட்டியவர்கள், ஒரு சதம் தவறியதில்லை. ஆனாலும் அந்த விதி சரியென்றுதான் நினைக்கிறேன். அந்த அக்கா தானே விலகி, கணக்குக் கொப்பியை என் கையில் தந்தார். வங்கியில் பெயர் மாற்றி முடிய நான்கு மாதம் போனது. ஆகவே மானியம் திறக்கும் நாளைப் பார்த்துக்கொண்டு இராமல் வங்கி வேலையை இன்றைக்கே தொடங்குங்கள்.

இதோடு பொதுப் பொறுப்புக் காப்புறுதியும் (எங்களால் ஆருக்காவது காயமோ சேதமோ வந்தால் நட்டஈட்டுக்கு), சிறுவர், முதியவர் பாதுகாப்புக் கொள்கை ஒன்றும் கேட்பார்கள். கொள்கை என்றதும் பயப்பட வேண்டாம், ஆருக்காவது தீங்கு நடப்பதாகத் தெரிந்தால் யாரிடம் சொல்வது, எப்படிச் சொல்வது என்பதுதான் அது. பிள்ளைகளோடு வேலை செய்யும் குழுக்கள் தொண்டர்களுக்குப் பொலிஸ் பின்னணிச் சோதனை எடுக்க வேண்டிவரும். சம்பளமில்லாத் தொண்டர்களுக்கு அந்தச் சோதனைக்கு அரச கட்டணம் கிடையாது, இடையில் நின்று செய்துதரும் அமைப்பு ஒரு சிறு தொகை எடுக்கலாம். பதிவு செய்த அறநிலையமாக (சாரிட்டி) இருக்க வேண்டுமென்று எங்கள் கவுன்சில் கேட்கவில்லை. ஆனால் இங்கிலாந்தில் அற நோக்கத்தோடு இயங்கும் ஒரு குழுவின் வருட வருமானம் 5,000 பவுணைத் தாண்டினால் பதிவது சட்டக் கடமை. மானியமே உங்களை அந்தக் கோட்டைத் தாண்ட வைக்கலாம்.

முதல் படிவத்தின் முதல் வரைவை வெட்கமில்லாமல் சொன்னால் கோயில் மலர் வாழ்த்துச் செய்தி மாதிரி எழுதியிருந்தேன். பண்பாட்டைப் பேணல், அடுத்த தலைமுறைக்குக் கையளித்தல் என்று பக்கம் முழுக்க. எங்கள் வட்டாரத்தில் தொண்டு அமைப்புகளுக்கு இலவசமாக உதவும் ஒரு பொது அமைப்பு இருக்கிறது, பெரும்பாலான ஊர்களில் அப்படி ஒன்று உண்டு. அங்கே ஒரு முதிய வெள்ளைக்காரர் என் வரைவை வாசித்துவிட்டுப் பேனையை மேசையில் வைத்தார். "புதன்கிழமை பதினொரு மணிக்குக் கதவு திறந்ததும் என்ன நடக்கிறது, அதைச் சொல்லு" என்றார். சொன்னேன். யார் முதலில் வருவார், யாருக்கு முழங்கால் ஏலாது, யார் இரண்டு பஸ் மாறி வருகிறார் என்று சொல்லச் சொல்ல அவர் எழுதினார். "இதுதான் உன்னுடைய விண்ணப்பம்" என்று தாளை நீட்டினார். இந்த மதிப்பீட்டில் வேறெதையும் மறந்தாலும் அந்தக் கேள்வியை வைத்துக்கொள்ளுங்கள்.

"தமிழருக்கு மட்டுமா?" என்ற கேள்வியும் படிவத்தில் உண்டு. சிலர் அதைக் கேட்டுக் கோபப்படுகிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. அது அந்த ஊரில் இருக்கும் எல்லாரும் கட்டும் காசு. உடற்பயிற்சி நேரத்தை எல்லாருக்கும் திறந்துவிட்டோம். இரண்டு குஜராத்திப் பெண்களும் எதிர்த் தெருவிலிருந்து ஒரு ஜமேக்கா அம்மாவும் இப்போது தவறாமல் வருகிறார்கள்.

கணக்கு இப்படி: மண்டப வாடகை மணிக்கு 18 பவுண், ஒரு நாளைக்கு 54, 36 கிழமைக்கு 1,944. பயிற்சி ஆசிரியைக்கு 12 வகுப்பு, வகுப்புக்கு 35 ஆக 420. தேத்தண்ணி, பிஸ்கட்டுக்கு 136. மொத்தம் 2,500 கேட்டோம், 2,000 தந்தார்கள். தேத்தண்ணிக் காசை முழுவதும் வெட்டி, வாடகையிலும் 364 குறைத்திருந்தார்கள். அந்தக் குறையை வருபவர்கள் ஆளுக்கு ஒரு பவுண் தட்டில் போட்டு நிரப்பினார்கள்.

கடிதம் வந்தது ஏப்ரலில். காசு வந்தது யூன் கடைசியில். கடிதத் திகதிக்கு முன் செய்த எந்தச் செலவுக்கும் மானியம் இல்லை, கடிதம் வந்த பிறகும் காசு இல்லை. மாதம் 216 பவுண் வாடகையை எங்கிருந்து கட்டுவது? தேவாலயத்துப் போதகர் "வரும்போது தாருங்கள்" என்று பொறுத்தார். அப்படி ஒரு மனிதர் கிடைக்காத குழு என்ன செய்யும் என்று அந்த மூன்று மாதமும் யோசித்தேன். சேமிப்பே இல்லாத சின்னக் குழுக்களுக்கென்று வைத்த மானியம், கையில் மூன்று மாதக் காசு உள்ளவர்களுக்குத்தான் வசதியாக இருக்கிறது. இதைக் கவுன்சிலுக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. மானியத்தால் மாற்றம் வந்ததா என்று காட்டத் தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்றாக இரண்டு தரம் கேள்வித்தாள் கொடுக்கச் சொன்னார்கள். தனிமையை அளக்க இந்த நாட்டில் பரவலாகப் பயன்படும் மூன்று கேள்விகள் அவை: துணை இல்லையென்று எவ்வளவு தரம் தோன்றுகிறது, ஒதுக்கப்பட்டதாக எவ்வளவு தரம் தோன்றுகிறது, மற்றவர்களிடமிருந்து பிரிந்து கிடப்பதாக எவ்வளவு தரம் தோன்றுகிறது. பதில் அநேகமாக இல்லை, சில நேரம், அடிக்கடி என்று மூன்று. நான் தமிழில் எழுதிப் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொடுத்தேன்.

முதல் நாள் 24 பேர் நிரப்பினார்கள். 21 பேர் எல்லாவற்றுக்கும் "அநேகமாக இல்லை". ஒரு அம்மா தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு என்னைத் தனியே கூப்பிட்டார். "தங்கச்சி, பிள்ளையள் என்னை வடிவாத்தான் பாக்கினம். நான் இதில வேற மாதிரிப் போட்டா கவுன்சில் ஆக்கள் வீட்ட வந்து அவையை விசாரிப்பினமோ?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. "தனிமையா" என்று ஒரு தமிழ்த் தாயிடம் கேட்டால் அது அவரைப் பற்றிய கேள்வி அல்ல, அவர் பிள்ளைகளைப் பற்றிய கேள்வி.

ஏழு மாதம் கழித்து அதே 24 பேரிடம் அதே தாளைக் கொடுத்தேன். இந்தமுறை 11 பேர் "சில நேரம்" அல்லது "அடிக்கடி" என்று போட்டிருந்தார்கள். அந்த அம்மாவும் "அடிக்கடி" என்று போட்டார். போட்டுவிட்டுப் பேனையைத் திரும்ப வாங்கி, கீழே வெறுமையாக இருந்த இடத்தில் ஒரு வரி எழுதினார்: "செவ்வாய் இரவே நாளைக்கு உடுக்கிற சீலையை எடுத்து வைப்பன்."

எண்களை மட்டும் பார்த்தால் எங்கள் கூடல் ஆட்களை இன்னும் தனிமையாக்கிவிட்டது என்றுதான் வரும். இரவிரவாக அந்தத் தாள்களை விரித்து வைத்துக்கொண்டிருந்தேன். மாற்றி எழுதச் சொல்லியும் ஆலோசனை வந்தது. எனக்கு மனம் வரவில்லை. மறுநாள் மானிய அலுவலரைத் தொலைபேசியில் கூப்பிட்டு உள்ளதைச் சொன்னேன். அந்தப் பெண் குறுக்கே பேசாமல் கேட்டார். "முதல்நாள் சொல்லப் பயந்தார்கள், இப்போது உங்களை நம்பிச் சொல்கிறார்கள் என்றால், அதையே எழுதுங்கள். எண்ணை மாற்றாதீர்கள்" என்றார். அரைப்பக்கம் எழுதினேன், அந்தச் சீலை வரியையும் மொழிபெயர்த்துச் சேர்த்தேன். அறிக்கையை ஏற்றுக்கொண்டார்கள். படிவத்துக்கு 5இல் மூன்று, காசு வந்த வேகத்துக்கு ஒன்று போடும் நான் அந்த அலுவலருக்கு ஐந்தும் போடுவேன். நீங்களும் இப்படியொரு கேள்வித்தாள் கொடுக்க நேர்ந்தால் முதல்நாளே நீட்டாதீர்கள். அலுவலரிடம் கேட்டு ஒரு மாதம் பொறுத்து, முகம் பழகிய பிறகு கொடுங்கள்.

இரண்டாம் வருடம் அதே வேலைக்கு அதே படிவம். மறுப்பு மின்னஞ்சலில் காரணம் இரண்டு வரி: தொடர்ந்து நடக்கும் செயற்பாடு, புதிய அம்சம் இல்லை. இதோடு எனக்கு உடன்பாடே இல்லை. எண்பது வயது மனிதருக்குப் புதிய அம்சம் வேண்டாம், போன புதன் இருந்த கதவு இந்தப் புதனும் திறந்திருக்க வேண்டும். கவுன்சில்களின் நெருக்கடி எனக்குத் தெரியாமலில்லை. தொண்டுக் குழுக்களுக்குக் காசு கொடுப்பது அவர்கள் விரும்பினால் செய்வது, முதியோர் பராமரிப்போ சட்டம் கட்டாயப்படுத்துவது. 2020 நவம்பரில் குரொய்டனும் 2023 செப்ரெம்பரில் பர்மிங்காமும் வரவுசெலவைச் சமன்செய்ய ஏலாது என்று உள்ளூராட்சி நிதிச் சட்டத்தின் 114ஆம் பிரிவு அறிவித்தலே கொடுத்தன. ஆனாலும் இருக்கும் சொற்பக் காசைப் பகிரும்போது வருடாவருடம் புதிதாக ஒன்றைக் காட்டு என்பது, ஒழுங்காக ஓடும் குழுவை வேசம் மாற்றி வரச் சொல்வது போல. அந்த வருடம் கூடலை இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஆக்கினோம். ஐந்து பேர் வரவை நிறுத்திவிட்டார்கள். அதில் இருவரை இன்னும் திரும்பக் கொண்டுவர முடியவில்லை.

மூன்றாம் தரம் வேறொரு வாசல். புதுக் கட்டடம் எழுப்புபவர்கள் சதுர மீற்றர் கணக்கில் கவுன்சிலுக்குக் கட்டும் ஒரு வரி உண்டு, 2008ஆம் ஆண்டுத் திட்டமிடல் சட்டத்தின் கீழ் வந்தது. அதில் பொதுவாக 15 வீதத்தை அந்தச் சுற்றுவட்டாரத்துக்குச் செலவிட வேண்டும். கிராம சபை மாதிரி உள்ளூர் சபை இல்லாத இடங்களில், லண்டனின் பெரும்பகுதி அப்படித்தான், அந்தப் பங்கைக் கவுன்சிலே வைத்துக்கொண்டு ஊர்ச்சனத்தைக் கேட்டுச் செலவழிக்கும். எங்கள் ஸ்ரேசனடியில் எழும்பிய மாடிகளை அண்ணாந்து பார்த்துப் புறுபுறுத்திருக்கிறோம், அதிலிருந்து ஒரு பங்கு எங்களுக்கும் இருக்கிறதென்று தெரியாது. புது வீடுகள் வந்ததால் ஊருக்கு என்ன தேவை கூடியது என்று காட்ட வேண்டும். அந்த மாடிகளில் குடிவந்த குடும்பங்களின் தாய் தகப்பன் சிலர் ஏற்கனவே எங்களிடம் வந்துகொண்டிருந்தார்கள், அதையே எழுதினேன்.

கேட்டது கதிரை. மண்டபத்தில் இருந்தவை கைப்பிடி இல்லாத பிளாஸ்ரிக் கதிரைகள். முழங்கால் தேய்ந்த ஒருவர் எழும்பும்போது இரண்டு கையையும் ஊன்ற இடம் வேண்டும். அது இல்லாமல் ஒரு ஐயா எப்போதும் சுவரோரக் கதிரையையே பிடிப்பார், ரேடியேற்றரைப் பிடித்து எழும்ப. மாரியில் அது கொதிக்கும், சால்வையைக் கையில் சுற்றிக்கொண்டு பிடிப்பார். கைப்பிடிக் கதிரை 40, ஒன்று 62 பவுணாக 2,480. தள்ளுவண்டி 230, சுடுதண்ணிக் கொதிகலன் 190. மொத்தம் 2,900. மூன்று கடையில் விலை எடுத்துக் காட்டினோம், மற்றக் குழுக்களும் பாவிக்கலாம் என்று மண்டபத்தோடு எழுதிக் கையெழுத்திட்டோம். முழுத் தொகையும் வந்தது. அந்த ஐயா இப்போது நடுவரிசையில் இருக்கிறார்.

வாடகைக்கு இப்போது தேசிய லொத்தர் சமூக நிதியைப் பார்க்கிறோம். அவர்களின் சிறு மானியம் 300 பவுணிலிருந்து 20,000 வரை, இரண்டு வருடம் வரைக்கும் கேட்கலாம், நன்றாக ஓடும் ஒரு வேலையைத் தொடரவும் கேட்கலாம். கவுன்சில் மானியத்துக்கென்று திரட்டிய யாப்பு, வங்கிக் கூற்று, கொள்கைகள் எல்லாம் அங்கேயும் அப்படியே பயன்படுகின்றன. முதல் படிவத்துக்கு எனக்கு ஆறு கிழமை எடுத்தது, மூன்றாவதுக்கு இரண்டு பின்னேரம்.

ஒருதரம் வாங்கும் பொருளுக்கு, ஒரு புதுத் தொடக்கத்துக்குக் கவுன்சில் மானியத்தைத் தயங்காமல் கேளுங்கள். வருடாவருட வாடகைக்கு அதை நம்பி இராதீர்கள். எங்கள் யாப்பையும் கொள்கைத் தாள்களையும் பார்க்க விரும்பும் குழுக்கள் புதன்கிழமை வரலாம். பன்னிரண்டரைக்குப் பிறகு வந்தால் நல்லது, உடற்பயிற்சி முடிந்து தேத்தண்ணி ஊற்றும் நேரம், என்னால் ஆறுதலாக இருந்து கதைக்க முடியும்.