அமெரிக்காவிலிருந்து வந்த பழைய போனா, காட்பாடியில் கிடைக்கும் பழைய போனா?

ஒடுகத்தூர் வீட்டில் அம்மா போன் பேச வேண்டுமென்றால் தெருவுக்கு வர வேண்டும், உள்ளே டவர் நிற்காது. சரி, வேறு ஒரு பழைய போன் வாங்கித் தரலாம் என்று தேடியபோது இரண்டு அமைந்தன. ஒன்று வேலூர் கடை ஒன்றில், அமெரிக்காவிலிருந்து வந்த ஐபோன் 11, வழக்கமான செகண்ட் ஹேண்ட் விலையைவிட 4,000 ரூபாய் குறைவு. இன்னொன்று, காட்பாடியில் படிப்பை முடித்து ஊருக்குக் கிளம்பிய ஒரு மாணவரின் ரெட்மி.

ஐபோனில் என் ஏர்டெல் சிம்மைப் போட்டதும் ‘சிம் நாட் சப்போர்ட்டட்’ என்று வந்தது. அமெரிக்காவில் தவணையில் தரும் போன்களை அந்த நிறுவனங்கள் பெரும்பாலும் தங்கள் சிம்முக்கு மட்டும் லாக் போட்டுத்தான் தருகின்றன. பணம் கட்டி முடித்து அவர்களே லாக்கை எடுத்தால்தான் நம்ம ஊர் சிம் வேலை செய்யும். கடைக்காரர் அசரவில்லை. “ஒண்ணுமில்லணா, சிப் போட்டுத் தர்றேன், எல்லா சிம்மும் எடுக்கும்” என்று சொல்லிக்கொண்டே, சிம் அகலத்துக்கு ஒரு மெல்லிய தகட்டை அதன் அடியில் வைத்து ட்ரேயைத் தள்ளினார். டவரும் வந்துவிட்டது. ஆனால் அந்தச் சிப் லாக்கை எடுப்பதில்லை, போனை ஏமாற்றுகிறது, ஒரு ஐஓஎஸ் அப்டேட்டில் நின்றுபோனால் அம்மா யாரிடம் போய்க் காட்டுவார்? வேண்டாம் என்று வந்துவிட்டேன். ஐபோன் வாங்குபவர்கள் செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் போய், ‘கேரியர் லாக்’ என்ற வரியில் ‘நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்’ என்று இருந்தால் மட்டும் விலை பேசுங்கள். இன்னொன்று, அமெரிக்காவில் விற்ற ஐபோன் 14-ல் சிம் போடும் இடமே கிடையாது, போனுக்குள்ளேயே பதியும் இ-சிம் மட்டும்தான்.

உள்ளூர் போனில் பெரும்பாலும் இந்த லாக் தொல்லை இல்லை. ஜியோபோன், ஜியோபாரத் போன்றவை விலக்கு, அவை இரண்டும் ஜியோ சிம்மைத் தவிர வேறெதையும் எடுக்காது. இங்கே பார்க்க வேண்டியது பேண்டும் (போன் எடுக்கும் அலைவரிசை) வோல்ட்டியும் (4ஜியிலேயே கால் பேசும் வசதி). ஜியோவுக்கு 2ஜி, 3ஜி இல்லை என்பதால், வோல்ட்டி இல்லாத 2014, 2015 காலத்து 4ஜி போனில் நெட் வரும், சாதாரணமாக கால் பேச முடியாது. ஏர்டெல், வி.ஐ. (வோடஃபோன் ஐடியா) சிம் என்றால் கால் 2ஜிக்கு இறங்கிப் போய்விடும், அதனால் பேசலாம். பிஎஸ்என்எல் 4ஜி ஓடுவது முக்கியமாக 700, 2100 மெகாஹெர்ட்ஸில், அதாவது பேண்ட் 28, பேண்ட் 1. பேண்ட் 1 அநேகமாக எல்லா 4ஜி போனிலும் உண்டு. 28 பல பழைய போன்களில் கிடையாது. தூரம் போவதும் சுவரைத் தாண்டி உள்ளே வருவதும் அந்த 700தான். அணைக்கட்டு, ஒடுகத்தூர், ஜவ்வாது மலைப் பக்கம் இருப்பவர்கள் இதைக் கேட்காமல் பழைய போன் வாங்கவே கூடாது என்பேன்.

அம்மாவுடையது பல வருடத்து பிஎஸ்என்எல் நம்பர், மாற்ற மாட்டார். அதனால் ரெட்மியின் மாடல் நம்பரை வாங்கி கம்பெனி தளத்தில் தேடினேன், பேண்ட் 28 இருந்தது. பெயர் ஒன்றாக இருந்தாலும் நாட்டுக்கு நாடு பேண்ட் மாறும், எனவே மாடல் நம்பரை வைத்தே பாருங்கள். அப்புறம் *#06# அடித்து வந்த 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை (ஒவ்வொரு போனுக்கும் உள்ள அடையாள எண்), கேஒய்எம் என்று ஆங்கிலத்தில் போட்டு 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பி, திருட்டுப் போன் இல்லை என்று உறுதி செய்துகொண்டு 6,500 ரூபாய் கொடுத்தேன்.

இப்போது அம்மா அடுப்படியில் நின்றுகொண்டே பேசுகிறார், பின்னால் குக்கர் விசில் சத்தம்கூடக் கேட்கிறது.