பிளேஆஃப் டிக்கெட்: முதல் நாளே வாங்குவதா, டீம் தெரியட்டும் என்று பொறுப்பதா, லீக் ஆட்டத்தோடு நிறுத்திக்கொள்வதா?

2024 ஐபிஎல்லின் இரண்டாவது குவாலிஃபயரும் ஃபைனலும் சேப்பாக்கத்தில் என்று அறிவிப்பு வந்ததுமே சென்னையில் பல வீடுகளில் மஞ்சள் ஜெர்சி இஸ்திரி போட்டு மாட்டப்பட்டுவிட்டது. குவாலிஃபயர் டிக்கெட் மே மாத நடுவில் விற்பனைக்கு வந்தது. அப்போது சென்னை அணியான சிஎஸ்கே உள்ளே வருமா என்பதே முடிவாகவில்லை. மே 18 இரவு பெங்களூரில் கடைசி லீக் ஆட்டம். தோற்றாலும் பரவாயில்லை, 201 ரன் எடுத்தால் பிளேஆஃப் என்னும் கடைசிக் கட்டத்துக்குள் போய்விடலாம் என்ற நிலை. எடுத்தது 191. ஆறு நாள் கழித்து சேப்பாக்கத்தில் டாஸ் போட வந்தவர்கள் ஹைதராபாத்தும் ராஜஸ்தானும்.

பிளேஆஃப் டிக்கெட் என்றதும் ரசிகன் ஏன் யோசிக்கிறான் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேவையில்லை. விலை அதிகம் என்பது உண்மைதான். ஆனால் அதே ஆள் சென்னை–மும்பை லீக் ஆட்டத்துக்கு அதே விலையை முகம் சுளிக்காமல் கொடுப்பார். என்ன படம் என்று சொல்லாமலே டிக்கெட் கிழிக்கும் தியேட்டரில் நிற்கிற மாதிரி இருப்பதுதான் இங்கே பிரச்சினை.

அமெரிக்காவில் என்பிஏ கூடைப்பந்து பிளேஆஃபுக்கும் ரசிகர்கள் விலையைப் பார்த்துத் தயங்குகிறார்கள். ஆனால் அங்கே தயக்கம் வேறு மாதிரி. தொடர் ஏழு ஆட்டம் வரை போகும், சொந்த ஊர் மைதானத்தில் சொந்த ஊர் அணிதான் ஆடும். தொடர் சீக்கிரம் முடிந்து ஆறாவதோ ஏழாவதோ ஆட்டம் நடக்காமல் போனால் டிக்கெட் பணம் திரும்ப வந்துவிடும். யோசனையெல்லாம் விலை இறங்குமா ஏறுமா என்பதில்தான். நமக்கு அணியே யார் என்று தெரியாது.

சரி, நம் முன்னால் உள்ள வழிகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்கலாம்.

எந்த ஆட்டம் என்பதே பாதி விடை

பிளேஆஃபில் நான்கு ஆட்டங்கள். முதல் குவாலிஃபயரில் புள்ளிப்பட்டியலின் முதல் இரண்டு அணிகள். எலிமினேட்டரில் மூன்றாவதும் நான்காவதும். முதல் குவாலிஃபயரில் தோற்றவரும் எலிமினேட்டரில் ஜெயித்தவரும் இரண்டாவது குவாலிஃபயரில். அப்புறம் ஃபைனல். வழக்கமாக முதல் இரண்டு ஆட்டமும் ஒரு மைதானத்தில், கடைசி இரண்டும் இன்னொரு மைதானத்தில் நடக்கும். நம் ஊருக்கு எந்த ஜோடி வருகிறது என்பதைப் பொறுத்து டிக்கெட்டின் மதிப்பே மாறிவிடுகிறது. விலைப்பட்டியலை மட்டும் பார்ப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

இரண்டாவது குவாலிஃபயரை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் அணி அதில் ஆட வேண்டுமென்றால் முதல் குவாலிஃபயரில் தோற்க வேண்டும், அல்லது மூன்றாவது நான்காவது இடத்தில் வந்து எலிமினேட்டரில் ஜெயிக்க வேண்டும். பட்டியலில் முதலிடம் பிடித்து முதல் குவாலிஃபயரையும் ஜெயித்தால் நேராக ஃபைனலுக்குப் போய்விடும். உங்கள் கையில் உள்ள டிக்கெட்டில் வேறு யாரோ இருவர் ஆடுவார்கள். அதாவது, அணி நன்றாக ஆடினாலும் உங்களுக்கு நஷ்டம், மோசமாக ஆடினாலும் நஷ்டம், நடுவில் ஒரு அளவோடு தடுமாறினால்தான் லாபம். இப்படி ஒரு வேண்டுதலை எந்தக் கோயிலில் வைப்பது?

முதல் ஜோடி அப்படியில்லை. அணி முதல் நான்குக்குள் வந்துவிட்டால் குவாலிஃபயர், எலிமினேட்டர் இரண்டில் ஒன்றில் கண்டிப்பாக இருக்கும். 2023-இல் சேப்பாக்கத்துக்கு இந்த ஜோடிதான் கிடைத்தது. மே 23 முதல் குவாலிஃபயர், மறுநாள் எலிமினேட்டர். சென்னை இரண்டாவது இடத்தில் முடித்ததால் 23-ஆம் தேதி டிக்கெட் வைத்திருந்தவர்களுக்குக் கொண்டாட்டம். 172 அடித்து குஜராத்தை 157-இல் சுருட்டிய ஆட்டம் அது. 24-ஆம் தேதிக்கு வாங்கியவர்கள் மும்பையையும் லக்னோவையும் பார்த்தார்கள். ஆனால் மும்பையின் ஆகாஷ் மத்வால் 5 ரன் கொடுத்து 5 விக்கெட் எடுத்ததை நேரில் பார்த்தவர்கள் அவர்கள்தான். கிரிக்கெட்டுக்காகப் போனவர்களுக்கு 24-ஆம் தேதியும் கசக்கவில்லை.

எனவே உங்கள் அணிக்காகத்தான் போகிறீர்கள் என்றால் என் ஓட்டு முதல் ஜோடிக்கு. யார் ஆடினாலும் பார்ப்பேன் என்பவர்களுக்கு இரண்டாவது குவாலிஃபயர். ஃபைனலைவிட அதையே சொல்வேன். தோற்றால் வீடு, ஜெயித்தால் ஃபைனல் என்று இரண்டு அணிக்கும் கழுத்தில் கத்தி இருக்கும். 2024-இல் சேப்பாக்கத்தில் அந்த ஆட்டத்தை ஹைதராபாத் 36 ரன்னில் ஜெயித்தது. ராஜஸ்தான் பக்கம் உள்ளூர்க்காரர் அஸ்வின், ஹைதராபாத் பக்கம் நடராஜன். கைதட்ட ஆள் இல்லாமல் போகவில்லை.

ஃபைனல் என்றால் பெயருக்குத்தான் பாதி விலை. இரண்டே நாளில் அதே சேப்பாக்கத்தில் நடந்த ஃபைனலில் ஹைதராபாத் 18.3 ஓவரில் 113-க்கு ஆல் அவுட். கொல்கத்தா 10.3 ஓவரில் முடித்துவிட்டது. 40 ஓவருக்குக் காசு கொடுத்தவர்கள் 29 ஓவர் பார்த்தார்கள். முதல் ஓவரிலேயே அபிஷேக் சர்மாவின் ஸ்டம்பைப் பெயர்த்த ஸ்டார்க் பந்துதான் அந்த இரவின் உச்சம். அந்த நேரத்தில் கேட்டில் சோதனை வரிசையில் நின்றவர்களுக்கு அதுவும் கிடைக்கவில்லை. 2025 முதல் குவாலிஃபயர் இன்னும் மோசம். பஞ்சாப் 101-க்குச் சுருண்டு, பெங்களூரு 10 ஓவரில் துரத்தி முடித்தது. ஒருதலைப்பட்சமான ஆட்டத்துக்குத் தள்ளுபடியா தரப்போகிறார்கள்?

முதல் நாள் விற்பனை, அல்லது பொறுமை

முதல் நாளே வாங்குவதில் ஒரே ஒரு லாபம்தான் உண்டு, அது பெரிய லாபம்: அச்சிட்ட விலைக்குக் கிடைக்கும். மற்றதெல்லாம் படாத பாடு. குறித்த நேரத்துக்கு முன்பே போனிலும் லேப்டாப்பிலும் பக்கத்தைத் திறந்து வைத்து, உங்களுக்கு முன்னால் இத்தனை ஆயிரம் பேர் என்று திரையில் நகரும் எண்ணையே வெறித்துப் பார்க்க வேண்டும். முறை வரும்போது குறைந்த விலை ஸ்டாண்டுகள் சாம்பல் நிறத்துக்கு மாறியிருக்கும். 1,700 ரூபாய்க்கு நினைத்து உட்கார்ந்தவர் 4,000, 4,500 என்று மேலே மேலே பார்க்கத் தொடங்குவார். கீழே நிமிடக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். யோசிக்க நேரம் கொடுத்தால் யாரும் அந்த விலைக்கு வாங்கமாட்டார்கள் என்று விற்பவருக்கும் தெரிந்திருக்கும் போல.

இதில் வரியும் சேர்ந்துகொண்டது. ஐபிஎல் டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதமாக இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 40. அடிப்படை விலை 1,000 ரூபாய் என்றால் முன்பு 1,280 கொடுத்தோம், இப்போது 1,400. அடிப்படை விலை 3,000 ரூபாய் டிக்கெட்டாக வீட்டில் நான்கு பேருக்கு எடுத்தால், வரி ஏறியதால் மட்டும் கூடுதலாக 1,440 ரூபாய். மற்ற விளையாட்டுப் போட்டிகளுக்கு 500 ரூபாய்க்கு மேல்தான் வரி, அதுவும் 18 சதவீதம். ஐபிஎல்லை சூதாட்ட விடுதி, குதிரைப் பந்தய வரிசையில் உட்கார வைத்துவிட்டார்கள்.

டீம் தெரிந்தபின் வாங்கலாம் என்று பொறுப்பவருக்குத் தகவல் கிடைக்கும், டிக்கெட் கிடைப்பது கஷ்டம். உங்கள் அணி வந்துவிட்டால் நல்ல விலைக்கு எதுவும் மிஞ்சாது. வரவில்லையென்றால் மிஞ்சும், ஆனால் உங்களுக்குத் தேவைப்படாது. ஆகவே பொறுமை லாபம் தருவது ஒரே ஒருவருக்குத்தான்: யார் ஆடினாலும் கவலையில்லாத ரசிகருக்கு. மற்றவர்கள் ஆசைப்பட்டு வாங்கி, அணி வராததால் கைமாற்றிவிடப் பார்க்கும் டிக்கெட்டுகள் அவருக்கு வரும். "ரெண்டு டிக்கெட் இருக்கு, அச்சு விலைதான், யாருக்காவது வேணுமா?" என்று வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு செய்தி விழும். தெரிந்தவர் என்றால் தாராளமாக வாங்கலாம்.

தெரியாதவரிடம் வாங்கவே வேண்டாம் என்பேன். பிளாக்கில் விற்பது சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். க்யூஆர் கோடு ஒருமுறைதான் கேட்டைத் திறக்கும். ஒரே ஸ்கிரீன்ஷாட்டை மூன்று பேருக்கு விற்றிருந்தால் முதலில் நுழைந்தவருக்குத்தான் நாற்காலி. மற்ற இருவரும் மைதானத்துக்கு வெளியே வாலாஜா சாலையில் நின்று சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு வரலாம்.

இந்தத் தயக்கத்தில் முக்கால்வாசியை ஒரே ஏற்பாட்டில் தீர்த்துவிடலாம். டிக்கெட் விற்ற அதே தளத்தில், அச்சு விலைக்கே திருப்பி விற்கும் வசதி இருந்தால் போதும். அணி வரவில்லையா, கொடுத்துவிட்டுப் போகலாம் என்ற தைரியம் இருந்தால் முதல் நாளில் யாரும் இத்தனை கணக்குப் போடமாட்டார்கள். பிளாக்காரருக்கும் வேலை குறையும்.

லீக் ஆட்டம் என்னும் உத்தரவாதம்

லீக் சுற்றில் சேப்பாக்கத்துக்கு டிக்கெட் வாங்கினால் ஒன்று நிச்சயம்: சென்னை ஆடும். 2024-இல் விலை 1,700 முதல் 7,500 வரை. அது மலிவு இல்லை, கிடைப்பதும் எளிதில்லை. ஆனால் எதிரணியையும் தேதியையும் நாமே தேர்ந்தெடுக்கலாம். குழந்தைகளுடன் போவதென்றால் சனி, ஞாயிறு பார்த்துப் போகலாம். பிளேஆஃப் ஆட்டங்கள் பெரும்பாலும் வாரநாளில் வரும். ஆட்டம் இரவு 7.30-க்குத்தான் தொடங்கும், அதுவும் கத்திரி வெயில் காலம். முடிந்து வெளியே வர நள்ளிரவை நெருங்கிவிடும். செங்கல்பட்டோ அரக்கோணமோ போக வேண்டியவர்களுக்கு கடைசி ரயில்தான் கடைசி ஓவரைவிட முக்கியம்.

சென்னை ரசிகர்களுக்கு இதில் ஒரு பழக்கதோஷமும் உண்டு. 2023 வரை ஆடிய 14 சீசனில் 12 முறை அணி பிளேஆஃப் போயிருக்கிறது. அதனால் மே மாதம் என்றாலே நம் ஆட்டம் உண்டு என்று மனம் பழகிவிட்டது. 2024-இல் போகவில்லை, 2025-இல் கடைசி இடம். பழைய நினைப்பில் பிளேஆஃபுக்குக் காசு சேர்த்து வைப்பதைவிட ஏப்ரலிலேயே ஒரு நல்ல லீக் ஆட்டத்துக்குச் செலவழிப்பது மேல்.

டிவியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. செலவு குறைவு, ரீப்ளே உண்டு, கழிப்பறைக்கு வரிசை இல்லை. 2023 முதல் குவாலிஃபயரில் 16-ஆவது ஓவருக்கு முன் தோனி அம்பயர்களோடு நான்கு நிமிடம் பேசிக்கொண்டே நின்றார். வெளியே போய்த் திரும்பிய பந்துவீச்சாளர் பதிரனா மறுபடி பந்துவீசக் காத்திருக்க வேண்டிய நேரம் இன்னும் முடியவில்லை, அதற்குத்தான் அந்தப் பேச்சு. வீட்டில் இருந்தவர்களுக்கு வர்ணனையாளர்கள் அப்போதே சொல்லிவிட்டார்கள். மைதானத்தில் இருந்தவர்கள் என்ன நடக்கிறது என்றே தெரியாமல் 'தோனி, தோனி' என்று கத்திக்கொண்டிருந்தார்கள். யாருக்கு நல்ல நேரம் கிடைத்தது என்று கேட்டால், கத்தியவர்களுக்குத்தான்.

ஊர் விட்டு ஊர் போய் ஃபைனல்

இதற்கு டிக்கெட் விலை சின்னச் செலவு. 2023 ஃபைனலுக்கு அகமதாபாத் போன சென்னை ரசிகர்களைக் கேட்டால் தெரியும். மே 28 ஞாயிற்றுக்கிழமை மழையில் ஒரு பந்துகூட வீசவில்லை. மறுநாளுக்கும் அதே டிக்கெட் செல்லும் என்றார்கள், நல்லது. ஆனால் திங்கள் காலை விமானத்துக்கும் காலி செய்த ஹோட்டல் அறைக்கும் அப்படி ஒரு ரிசர்வ் டே கிடையாது. மஞ்சள் ஜெர்சியோடு ரயில் நிலையத் தரையில் படுத்துத் தூங்கியவர்களின் படங்கள் நாடு முழுக்கச் சுற்றின. திங்களும் மழை வந்து, இலக்கு 15 ஓவரில் 171 ஆகி, ஜடேஜா கடைசி இரண்டு பந்தில் சிக்ஸும் ஃபோரும் அடித்தபோது நாட்காட்டியில் 30-ஆம் தேதி ஆகிவிட்டிருந்தது. தரையில் தூங்கியவர்களில் யாரும் அதற்காக வருத்தப்பட்டிருக்கமாட்டார்கள். தோற்றிருந்தால் அந்தப் படங்களுக்கு வேறு அர்த்தம்.

2025-இல் மைதானமே மாறியது. மே 25 கொல்கத்தாவில் ஃபைனல் என்று அட்டவணை போட்டிருந்தார்கள். மே 9-ஆம் தேதி போர்ப் பதற்றத்தில் தொடர் நின்றது, மறுபடி தொடங்கியபோது ஃபைனல் ஜூன் 3-க்கு அகமதாபாத் போய்விட்டது. முன்கூட்டியே ஹவுராவுக்கு ரயிலும் ஹோட்டலும் போட்டு வைத்தவர்கள் கதியை நினைத்துப் பாருங்கள்.

வெளியூர் ஃபைனலுக்குப் போக நினைப்பவர்கள் முதலில் வாங்க வேண்டியது ரத்து செய்தால் பெரும்பகுதி பணம் திரும்பும் ரயில் டிக்கெட். சென்னையிலிருந்து அகமதாபாத்துக்கு நவஜீவனில் ஒரு நாளுக்கும் மேல் ஆகும், அதைத் தாங்க முடியுமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அறையை இரண்டு இரவுக்குப் போடுங்கள். மேட்ச் டிக்கெட்டை, உங்கள் அணி ஃபைனலுக்கு வந்தபின் அச்சு விலைக்குக் கிடைத்தால் மட்டும் வாங்குங்கள். அகமதாபாத் லட்சத்துக்கும் மேல் இருக்கைகள் உள்ள மைதானம், சேப்பாக்கத்தின் 38,000-ஐ மனதில் வைத்துக்கொண்டு முன்கூட்டியே பதற வேண்டியதில்லை. கிடைக்கவில்லையென்றால் ரயிலை ரத்து செய்துவிடலாம், போவது ரத்துக் கட்டணம் மட்டும்தான்.