ஃபைனல் ஃபேன்டஸி 14: மெதுவான ஆரம்பத்தை நடந்தே கடப்பதா, காசு கொடுத்துத் தாண்டுவதா, வேறு கேமுக்குப் போவதா?

கதைக்காகவே விளையாடக்கூடிய ஆன்லைன் ஆர்பிஜி (ஒரு பாத்திரத்தை ஏற்று வளர்க்கும் கேம்) எது என்று யாரிடம் கேட்டாலும் ஃபைனல் ஃபேன்டஸி 14 என்ற பெயர் வந்துவிடும். கூடவே, "முதல் 50 லெவல் மட்டும் பொறுத்துக்கோங்க, அப்புறம் பிரமாதமா இருக்கும்" என்றும் சொல்வார்கள். வேலை முடிந்து வந்து இரவில் ஒரு மணி நேரம் உட்காருகிறவருக்கு 50 லெவல் என்பது பல வாரங்கள். அந்த வாரங்களை என்ன செய்வது என்பதுதான் கேள்வி. பொறுமையாக நடந்து கடக்கலாம். கேமின் கடையில் ஸ்டோரி ஸ்கிப், அதாவது பழைய கதையை முடித்ததாகக் கணக்கில் வைக்கும் வசதி, வாங்கித் தாண்டலாம். இல்லையென்றால் இதே வகை கேம்களான ஸ்டார் வார்ஸ்: தி ஓல்ட் ரிபப்ளிக் அல்லது எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைனில் தொடங்கலாம்.

என் தேர்வு நடந்து கடப்பதுதான். ஆனால் அது எல்லோருக்கும் பொருந்தாது.

முதலில், ஆரம்பம் ஏன் இவ்வளவு மெதுவாக இருக்கிறது? 2010இல் வெளியான முதல் வடிவம் படுதோல்வி. அதே ஆண்டு டிசம்பரில் நவோகி யோஷிதா தயாரிப்பாளராகவும் இயக்குநராகவும் பொறுப்பேற்று, பழைய கேமை ஓட்டிக்கொண்டே புதியதைக் கட்டினார். 2012 நவம்பரில் பழைய உலகத்தை நிலவு விழுந்து அழிவதாகக் காட்டியே மூடினார்கள். 2013 ஆகஸ்டில் எ ரெல்ம் ரீபார்ன் என்ற புது வடிவம் வந்தது. ஒரு உலகத்தையே மறுபடி அறிமுகப்படுத்த வேண்டிய கட்டாயம் அதற்கு இருந்தது. அதனால்தான் மூன்று நகரங்கள், அவற்றின் தலைவர்கள், ஒவ்வொரு காட்டுப் பழங்குடி என்று வரிசையாக நம்மை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. பெரும்பாலான காட்சிகளுக்குக் குரல் கிடையாது, வாசிக்க வேண்டும். சண்டையிலும் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் சுமார் இரண்டரை வினாடி இடைவெளி. 15ஆம் லெவலில் கையில் இருக்கும் திறன்களோ மிகக் குறைவு.

எல்லாவற்றையும்விடப் பேர்போன இடம், 34ஆம் லெவலில் டைட்டன் என்ற பெரிய எதிரியைச் சந்திப்பதற்கு முன்னால் வரும் விருந்து ஏற்பாடு. உலகத்துக்கே ஆபத்து என்று அவசரமாக ஓடிவருகிற நம்மை, பழைய வீரர்கள் சிலர் விருந்துக்குச் சாப்பாடும் மதுவும் சேகரிக்க ஊர் ஊராக அலையவிடுவார்கள். கேமை விட்டுவிடலாமா என்ற எண்ணம் பலருக்கு இங்கேதான் வருகிறது, அதில் நியாயமும் இருக்கிறது. 2020 ஆகஸ்டில் 5.3 பேட்ச் (புதுப்பிப்பு) வந்தபோது இந்தப் பகுதியில் பல க்வெஸ்ட்களை (கேம் நமக்குத் தரும் பணிகளை) வெட்டிச் சுருக்கினார்கள். அடிப்படைக் கதையை முடித்தவர்கள் அந்த நிலங்களில் பறக்கவும் வழி செய்தார்கள். இருந்தும் மெதுவானதுதான்.

அப்புறம் ஏன் நடக்கச் சொல்கிறேன்? ஆல்ஃபினோ என்ற ஒரே பாத்திரத்தைப் பாருங்கள். எ ரெல்ம் ரீபார்னில் அவன் எல்லாம் தெரிந்த தோரணையில் பேசும் பையன். மற்றவர்களை வேலைக்கு ஏவிவிட்டு உலக அரசியல் பேசுவான், எரிச்சல் வரும். அடுத்து வரும் விரிவாக்கமான (கதையை நீட்டும் கூடுதல் பகுதி) ஹெவன்ஸ்வர்டில் அவன் உடைந்து, குளிரில் நடந்து, விறகு பொறுக்கக் கற்றுக்கொள்ளும்போது அது நம் மனதைத் தொடுவதற்குக் காரணம், முன்னால் பட்ட அந்த எரிச்சல்தான். 2019இல் வந்த ஷேடோபிரிங்கர்ஸும் 2021இல் வந்த எண்ட்வாக்கரும் இப்படி முன்பே விதைத்து வைத்ததைத்தான் அறுவடை செய்கின்றன. ஆரம்பத்தில் சாதாரணமாகக் கடந்துபோன ஒரு பெயர், ஒரு சின்ன உரையாடல், பல நூறு க்வெஸ்ட்களுக்குப் பிறகு திரும்பி வந்து தொண்டையை அடைக்கச் செய்யும்.

இதனால்தான் ஸ்டோரி ஸ்கிப்பை இந்த மூன்றில் மிக மோசமான வழியாக நினைக்கிறேன். காசு கொடுத்தால் முந்தைய விரிவாக்கங்களின் கதை முடிந்ததாகக் கணக்காகிவிடும். விடுதி அறையில் இருக்கும் புத்தகத்தில் பழைய காட்சிகளைப் போட்டுப் பார்க்கலாம் என்பது உண்மை. ஆனால் அது தொடரின் முக்கியக் காட்சிகளை மட்டும் ஓட்டிப் பார்ப்பது போலத்தான். என்ன நடந்தது என்று தெரியும், யாரோடும் பழகியிருக்க மாட்டோம். ஏற்கெனவே ஒருமுறை முடித்துவிட்டு, நண்பர்களோடு வேறு சர்வரில் இன்னொரு பாத்திரம் தொடங்குகிறவருக்கு ஸ்கிப் சரி. கதைக்காக வருகிறவருக்கு அல்ல.

ஸ்டார் வார்ஸ்: தி ஓல்ட் ரிபப்ளிக் இதற்கு நேர் எதிர். 2011 டிசம்பரில் வந்தது. எட்டு வகுப்புகளுக்கும் (பாத்திர வகைகளுக்கும்) எட்டுத் தனிக் கதைகள், எல்லாமே குரலோடு. இம்பீரியல் ஏஜென்ட் என்ற உளவாளி வகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஹட்டா கிரகத்தில் இறங்கிய உடனே ஒரு கொள்ளைக்காரனின் பெயரில் வேஷம் போட்டு நடிக்க வேண்டும், முதல் மணி நேரத்திலேயே பதற்றம் தொடங்கிவிடும். பதில்களை நாமே தேர்ந்தெடுப்பதால் அந்த உளவாளி நம் ஆளாகவும் ஆகிவிடுகிறான். வகுப்புக் கதை முழுவதும் இலவசம். பலவீனம் பின்னால் வருகிறது. விரிவாக்கங்கள் போகப் போகத் தனிக் கதைகள் ஒன்றாகச் சேர்ந்து, 2015இல் வந்த நைட்ஸ் ஆஃப் தி ஃபாலன் எம்பயரில் எட்டுப் பேருக்கும் ஒரே பாதைதான். உளவாளியாக வளர்த்த ஆளை அங்கே கிட்டத்தட்ட ஒரு ஜெடை (ஸ்டார் வார்ஸின் அபூர்வ சக்தி கொண்ட வீரன்) மாதிரி நடத்தும்போது ஏமாற்றமாக இருக்கும். ஆக, ஃபைனல் ஃபேன்டஸி தன் சுவையைப் பின்னால் வைத்திருக்கிறது, இது முன்னால் கொட்டிவிடுகிறது. ஒரு நல்ல கதையை முடித்துவிட்டுக் கிளம்பிவிடுவேன் என்கிறவருக்கு இதுதான் சரியான கேம், தயங்கவே வேண்டாம்.

எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைனில் சிக்கல் வேறு. 2016 அக்டோபரில் வந்த ஒன் டாம்ரியல் மாற்றத்துக்குப் பிறகு எந்த லெவலிலும் எந்த நிலத்துக்கும் போகலாம். சுற்றித் திரிய அருமை. கதையை வரிசையாகப் படிக்க நினைக்கிறவருக்கு ஆரம்பம் எது என்றே பிடிபடாது. பின்னால் வந்த கதையை முதலில் விளையாடிவிட்டால், ஏற்கெனவே நம்மோடு சேர்ந்து போரிட்ட ஒருவர் முதன்முறை பார்ப்பது போலப் பேசுவார். நிலத்துக்கு நிலம் உள்ள சின்னக் கதைகள் நன்றாக எழுதப்பட்டவை. வாரத்துக்கு ஒருமுறை மட்டும் விளையாட நேரம் கிடைக்கிறவருக்கு இது வசதி.

தமிழ்நாட்டிலிருந்து விளையாடுவதற்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. இந்த மூன்றுக்கும் இந்தியாவில் சர்வர் கிடையாது. ஃபைனல் ஃபேன்டஸிக்கு ஜப்பான், ஐரோப்பா, ஓசியானியா, வட அமெரிக்கா என்று மையங்கள் உண்டு. புகார் சொல்கிற அந்த இரண்டரை வினாடி இடைவெளி இங்கே உதவிக்கு வருகிறது, சிக்னல் கொஞ்சம் தாமதமானாலும் ஆரம்பச் சண்டைகள் கெடாது. எல்டர் ஸ்க்ரோல்ஸில் அடி வேகமாக விழுவதால் தாமதம் உடனே தெரியும். குரல் இல்லாத காட்சிகளும் ஒரு வகையில் நல்லதே. ஆங்கிலத்தை நிதானமாக வாசிக்கிறவருக்காக அந்த வசனப் பெட்டி காத்திருக்கும், நீங்கள் அழுத்தும்வரை நகராது.

சரி, நடப்பது என்று முடிவு செய்தால் ஃப்ரீ ட்ரையலில் தொடங்குங்கள். 2023 அக்டோபரிலிருந்து அது இரண்டாவது விரிவாக்கமான ஸ்டார்ம்பிளட் வரை, 70ஆம் லெவல் வரை, கால வரம்பு இல்லாமல் கிடைக்கிறது. சந்தையில் வாங்க விற்க முடியாது, பணம் 3,00,000 கில்லுக்கு மேல் சேராது, கில்டில் (விளையாடுகிறவர்கள் அமைக்கும் குழு) சேர முடியாது. கதைக்கு இவை எதுவும் தடையில்லை. ஒரே ஒரு வகுப்பை வைத்துக்கொண்டு மெயின் க்வெஸ்ட்டை மட்டும் பிடித்துப் போங்கள், லெவல் தானாக ஏறும். நீல நிறக் குறியுள்ள க்வெஸ்ட்கள் புதிய வசதிகளைத் திறக்கும், அவற்றை எடுக்கலாம். சாதாரண மஞ்சள் குறிகளை விட்டுவிடலாம், ஆரம்பம் இவ்வளவு நீளமாகத் தோன்றுவதில் பாதி அவற்றால்தான். டஞ்சனுக்கு (குழுவாகச் சண்டையிட்டுக் கடக்கும் இடம்) அந்நியர்களோடு போகக் கூச்சமாக இருந்தால் டியூட்டி சப்போர்ட் என்ற வசதியில் கதை மாந்தர்களோடே போகலாம்.

அவசரப்பட்டு முழு கேமை வாங்கிவிடாதீர்கள். அந்தக் கணக்கில் ஒருமுறை வாங்கிவிட்டால் ட்ரையலுக்குத் திரும்ப முடியாது, மாதச் சந்தா கட்டியாக வேண்டும். கணினியில் விளையாடுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அடிப்படை கேமை ஸ்டீமில் வாங்கினால், விரிவாக்கங்களையும் ஸ்டீமில்தான் வாங்க வேண்டியிருக்கும்.