இனிப்பு ஒயினில் இனிப்பைத் தவிர என்ன இருக்கிறது? இக்கேம், உவே, மாஸ் அமியேல்

முதலில் ஒரு கணக்கு. கடையில் விற்கும் கோலா பானத்தில் லிட்டருக்கு 100 கிராமுக்குச் சற்று மேல் சர்க்கரை இருக்கிறது. தென் பிரான்சில் மாஸ் அமியேல் தோட்டத்தின் முதிர்ந்த மோரி ஒயினிலும் கிட்டத்தட்ட அதே அளவுதான். உலகெங்கும் பேர்போன ஷத்தோ திக்கேமில் பெரும்பாலும் 120 முதல் 150 கிராம் வரை இருக்கும். ஆகவே சர்க்கரையை வைத்து இவற்றை எடைபோட்டால் ஒன்றும் விளங்காது. அந்தச் சர்க்கரை திகட்டாமல் இருக்க எது அதை எதிர்த்து நிற்கிறது என்று பார்க்க வேண்டும். பானகத்தில் வெல்லத்தோடு எலுமிச்சையும் சுக்கும் எதற்காகச் சேர்கின்றனவோ, அதே காரணம்தான். இந்த ஒரு கேள்வியை வைத்து மூன்று தோட்டங்களை அருகருகே நிறுத்திப் பார்க்கிறேன்.

ஷத்தோ திக்கேமிலிருந்து தொடங்காவிட்டால் யாரும் விடமாட்டார்கள். இனி அதை இக்கேம் என்றே சொல்கிறேன். போர்தோ நகருக்குத் தென்கிழக்கே, சோத்தெர்ன் என்ற ஊர்ப்பகுதியில் ஒரு குன்றின் மேல் இருக்கிறது. அருகே சிரோன் என்ற சிற்றாறு மர நிழலிலேயே ஓடி வருவதால் குளிர்ந்து கிடக்கும். அது வெதுவெதுப்பான கரோன் ஆற்றில் கலக்கும்போது இலையுதிர்கால விடியலில் மூடுபனி எழுகிறது. அந்த ஈரத்தில் பொட்ரைட்டிஸ் என்ற பூஞ்சை திராட்சைத் தோலைத் துளைக்கிறது. பிற்பகல் வெயில் உள்ளிருக்கும் நீரை அந்தத் துளைகள் வழியே உறிஞ்சிவிடுகிறது. பழம் சுருங்கி, சாம்பல் பூத்து, பார்க்கவே அருவருப்பாக இருக்கும். பிரெஞ்சுக்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் ‘மேன்மையான அழுகல்’. வெயில் வராமல் மழை தொடர்ந்தால் அதே பூஞ்சை வெறும் அழுகலாகிப் பழத்தைக் கெடுத்துவிடும்.

இக்கேமில் கொத்தை முழுதாக அறுப்பதில்லை. பதம் வந்த மணிகளை மட்டும் கிள்ளிக்கொண்டு, மற்றவற்றுக்காகத் திரும்பத் திரும்ப வருகிறார்கள். சில ஆண்டுகளில் ஐந்தாறு முறை அதே வரிசையில் நடக்க வேண்டியிருக்கும். ஒரு கொடிக்கு ஒரு கிண்ணம் ஒயின் என்பது அவர்கள் சொல்லும் கணக்கு. ஒரு ஹெக்டேருக்குத் தோராயமாக 900 லிட்டர் கிடைக்கிறது. போர்தோவின் சிவப்பு ஒயின் தோட்டங்களில் இதைப்போல் நான்கைந்து மடங்கு சாதாரணம். போர்தோ ஒயின்களுக்கான 1855ஆம் ஆண்டுத் தரவரிசையில் சோத்தெர்ன் ஒயின்களிலேயே இதை மட்டும் தனியாக எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார்கள். சரியாக வராத ஆண்டில் இக்கேம் என்ற பெயரில் எதுவும் வெளிவராது. 1964, 1972, 1974, 1992, 2012 ஆகிய ஆண்டுகளில் அப்படித்தான் நடந்தது.

குடித்தால் எப்படி இருக்கிறது? முதல் மிடறில் வேறெதுவும் இதன் பக்கத்தில் நிற்காது. ஆப்ரிகாட் பழம், குங்குமப்பூ, ஆரஞ்சுத் தோல், புது ஓக் பீப்பாயின் வாசம் எல்லாம் எண்ணெய்போல் வழுக்கிக்கொண்டு போகின்றன. ஆனால் அந்தக் கனம் இரண்டாவது கிண்ணத்தில் என்னைச் சோர்வடைய வைக்கிறது. சர்க்கரைக்கு எதிராக இங்கே நிற்பவை 14 விழுக்காட்டை ஒட்டிய ஆல்கஹாலும், தோலிலிருந்து வரும் மெல்லிய கசப்பும், ஓரளவு புளிப்பும். அமிலத்தில் ஒரு பங்கைப் பூஞ்சையே தின்றுவிடுகிறது. இருபது முப்பது ஆண்டு கழித்துத் திறந்தால் இந்தக் குறை தெரியாது என்பார்கள். அவ்வளவு காலம் காத்திருக்க இடமும் பொறுமையும் வேண்டும், முதலில் பணம் வேண்டும். அண்மை ஆண்டுப் புட்டி ஒன்றே சில நூறு யூரோ. 1999 முதல் இந்தத் தோட்டம் கைப்பையும் வாசனைத் திரவியமும் விற்கும் எல்விஎம்எச் குழுமத்தின் வசம் இருக்கிறது. அந்த விலையில் ஒயின் எவ்வளவு, பெயர் எவ்வளவு என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. 2011இல் 1811ஆம் ஆண்டு இக்கேம் ஒன்று 75,000 பவுண்டுக்குப் போனது.

அடுத்து உவே. லுவார் ஆற்றங்கரையில் வூவ்ரே என்ற ஊரில், சுண்ணாம்புப் பாறையைக் குடைந்த நிலவறைகளுக்கு மேலே இருக்கிறது இந்தத் தோட்டம். 1928இல் தொடங்கியது. அதைப் பெரிதாக்கிய காஸ்தோன் உவே இரண்டாம் உலகப்போரில் ஐந்து ஆண்டு ஜெர்மானியச் சிறைமுகாமில் கிடந்து திரும்பியவர். பிறகு நெடுங்காலம் ஊரின் மேயராகவும் இருந்தார். 2003இல் தோட்டம் குடும்பத்தின் கையைவிட்டுப் போனாலும் ஒயினின் பாணி பெரிதாக மாறவில்லை. லெ மோன், லெ ஓ-லியூ, குளோ து பூர்க் என மூன்று நிலத்துண்டுகள். ஒன்றில் விளைந்ததை மற்றொன்றோடு கலக்காமல் பெரும்பாலும் தனித்தனியே புட்டியில் அடைக்கிறார்கள். எல்லாவற்றிலும் ஷெனன் பிளான் என்ற ஒரே வெள்ளைத் திராட்சைதான்.

இந்த ஷெனனின் புளிப்பு லேசானதல்ல. மாங்காயைக் கடித்ததுபோல் பல் கூசும். இனிப்பு ஒயினுக்காகப் பழத்தைக் கொடியிலேயே வதங்கவிட்டாலும், பூஞ்சை பிடிக்கவிட்டாலும் அந்தப் புளிப்பு அடங்குவதில்லை. அதனால் சர்க்கரை எவ்வளவு ஏறினாலும் வாய் சுத்தமாகவே இருக்கிறது. ஆல்கஹால் 12 விழுக்காட்டை ஒட்டி நிற்கும், புது ஓக்கின் வாசம் அறவே கிடையாது. சீமைமாதுளை, தேன், ஈரச் சுண்ணாம்பு, நாள்பட்டால் தேன்மெழுகு. 1947ஆம் ஆண்டு உவே இன்னும் உயிரோடு இருப்பதாகச் சுவைத்தவர்கள் எழுதுகிறார்கள். அந்த ஆயுள் முழுக்கப் புளிப்பு கொடுத்தது.

இக்கேமுக்கும் உவேவுக்கும் குணத்திலேயே ஒரு வேறுபாடு இருக்கிறது. ஆண்டு சரியில்லை என்றால் இக்கேம் கதவைச் சாத்திக்கொள்ளும். உவே நல்ல சமையல்காரரைப்போல் வந்த காய்க்கு ஏற்ற குழம்பு வைக்கும். வெயில் போதாத ஆண்டில் இனிப்பே இல்லாத ஒயின், நடுத்தரமான ஆண்டில் அரை இனிப்பு, 1989, 1990, 1997 போல அமைந்த ஆண்டுகளில் முவாலு எனப்படும் முழு இனிப்பு. முதல் சுற்றில் பொறுக்கிய மணிகளிலிருந்து மட்டும் ‘பிரெமியே திரி’ என்ற உயர்வகையும் வரும். எனக்கு இந்தப் போக்குதான் பிடித்திருக்கிறது.

மூன்றாவது வேறு சாதி. ஸ்பெயின் எல்லைக்கு அருகே ரூசியோன் பகுதியில், மோரி என்ற ஊரில், கரும்பலகை போன்ற தகட்டுப்பாறை மண்ணில் கிடக்கிறது மாஸ் அமியேல். 1816இல் பெர்ப்பிஞான் நகரத்துக் கிறித்தவ ஆயர் சீட்டாட்டத்தில் தோற்ற நிலம் இது என்று ஒரு கதை உண்டு. இங்கே விளைவது பெரும்பாலும் கிரெனாஷ் என்ற கறுப்புத் திராட்சை. நொதித்துக்கொண்டிருக்கும்போதே 96 விழுக்காட்டுச் சாராயத்தை ஊற்றி ஈஸ்ட்டைக் கொன்றுவிடுகிறார்கள். நொதிக்காமல் மீந்த சர்க்கரை அப்படியே தங்கிவிடுகிறது. 13ஆம் நூற்றாண்டில் மொம்பெலியே நகரத்து மருத்துவர் ஆர்னோ த வில்நவ் கண்ட வழி இது என்பது மரபு. வெளியிலிருந்து சாராயம் ஊற்றிச் செய்த ஒயினுக்குச் சட்டப்படி ‘இயற்கை இனிப்பு ஒயின்’ என்று பெயர். பெயர் வைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்க வேண்டும்.

அதன் பிறகு நடப்பதுதான் வேடிக்கை. ஒயினை 70 லிட்டர் கண்ணாடிக் குடுவைகளில் ஊற்றி, வெட்டவெளியில் ஆயிரக்கணக்கில் வரிசையாக வைத்துவிடுகிறார்கள். கோடையின் வெயிலும் மாரியின் குளிரும் திரமொந்தான் என்ற வடகாற்றும் ஓர் ஆண்டு முழுக்க அதன் மேல் வீசுகின்றன. சாதாரண ஒயினுக்கு இப்படிச் செய்தால் பாழ். நம் வீட்டு மொட்டைமாடியில் ஊறுகாய் ஜாடி வெயில் காய்வதுபோல் இங்கே ஒயின் காய்கிறது. பிறகு பெரிய பழைய மரத் தொட்டிகளில் பத்து, இருபது, முப்பது ஆண்டு. சிவப்பு நிறம் செங்கல் நிறமாகிக் கடைசியில் காப்பி நிறத்தில் வந்து நிற்கும். அத்திப்பழம், வால்நட், கோகோ, கருகத் தொடங்கிய சர்க்கரை. இங்கே சர்க்கரைக்கு எதிர்நிற்பவை 16 விழுக்காட்டை ஒட்டிய ஆல்கஹாலும் திராட்சைத் தோலின் துவர்ப்பும். இப்படிக் காய வைக்காமல் சீக்கிரமே புட்டியில் அடைக்கும் ‘வெந்தாஜ்’ என்ற வகையும் இதே தோட்டத்தில் உண்டு. கறுப்புப் பழச்சாறு மணத்தோடு நன்றாகவே இருக்கும். ஆனால் அதைப் போன்றது போர்ச்சுகலிலும் கிடைக்கிறது. குடுவையில் காய்ந்ததை விட்டு அதை வாங்க எனக்கு மனம் வருவதில்லை.

வாசனையில் ஓர் ஆச்சரியம். முதிர்ந்த இக்கேமை முகர்ந்து, பிறகு மாஸ் அமியேலை முகர்ந்தால், பூஞ்சையில் பிறந்த வெள்ளை ஒயினும் வெயிலில் காய்ந்த கறுப்பு ஒயினும் எங்கோ உறவு என்று தோன்றும். காரணம் சொத்தலோன் என்ற வேதிப்பொருள். பூஞ்சை பிடித்த பழத்தின் ஒயினிலும், காற்றோடு உறவாடி முதிரும் ஒயினிலும் அது உருவாகிறது. வறுத்த வெந்தயத்தின் மணத்துக்கும் அதுதான் காரணம். ஐரோப்பியர் இந்த வாசனையைச் சொல்ல மேப்பிள் பாகு, கறிப்பொடி என்று தேடிக்கொண்டிருக்க, வெந்தயக்களி தின்று வளர்ந்தவர்களுக்கு அது ஒரே முகர்வில் பிடிபட்டுவிடும்.

சாப்பாட்டோடு வைத்துப் பார்த்தால் இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று மாற்றாகாது. ஒருமுறை விருந்தில் சாக்லேட் கேக்கோடு சோத்தெர்ன் ஒன்றைப் பரிமாறி இரண்டையும் கெடுத்தேன். கோகோவின் கசப்பின் முன்னால் அந்த ஒயின் வெறும் சர்க்கரைத் தண்ணீராகிவிட்டது. சாக்லேட்டுக்கு மாஸ் அமியேல்தான் ஈடுகொடுக்கும், துவர்ப்பும் சாராயமும் அதற்குத் துணை. சோத்தெர்னுக்கு உப்பேறிய ரோக்ஃபோர் பாலாடைக்கட்டி அற்புதம். உவேவுக்கு ஆப்பிள் டார்ட் போதும், சாப்பாடே இல்லாவிட்டாலும் பாதகமில்லை.

திறந்த புட்டி எத்தனை நாள் நிற்கும்? ஒருவேளைக்கு ஒரு சிறு கிண்ணம் குடிப்பவர்கள் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். முன்னிரண்டும் குளிர்பெட்டியில் ஒன்றிரண்டு வாரம் தாங்கலாம். மாஸ் அமியேலின் குடுவை ஒயின் மாதக்கணக்கில் நிற்கும். காற்று கெடுக்க அதில் இனி எதுவும் மிச்சமில்லை.

வேறொருவர் பணம் கொடுத்தால் இக்கேமை மறுக்கமாட்டேன். என் பணத்தில் அன்றாடத்துக்கு மாஸ் அமியேல் வாங்குகிறேன். இக்கேமின் விலையில் பத்தில் ஒரு பங்கு போதும். ஆனால் மூன்றில் எது சிறந்த ஒயின் என்று கேட்டால், தயங்காமல் உவே. புது வெளியீட்டில் ஒரு முவாலு, இக்கேமின் விலையில் கால் பங்கை எட்டுவது அரிது. இரண்டாவது கிண்ணத்தை நானாகக் கேட்டு வாங்கிக் குடிக்கும் ஒரே இனிப்பு ஒயினும் அதுதான்.

வாங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. உவேயின் மூன்று வகைக்கும் முகப்புத்தாள் ஒரே மாதிரிதான் இருக்கும். இனிப்பா இல்லையா என்பது சிறிய எழுத்தில் ஓர் ஓரத்தில் நிற்கும். ‘லெ மோன்’ என்ற பெயரைப் பார்த்த மகிழ்ச்சியில் இனிப்பில்லாதது என்று பொருள்படும் ‘செக்’ என்பதைக் கவனிக்காமல் வாங்கி வந்து, இனிப்பு மேசையில் எல்லோர் கண்ணெதிரிலும் திறந்தவன் நான். அன்று எல்லோருக்கும் பல் கூசியது.